நான் ரிப்பன் கட்டிய செடிகள்

களைச்செடிக்கு உடம்பு சரியில்லையா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற வேலை என்னுடையது. சரியில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும்.

இதைப் படிக்கும்போதே முழங்கையைச் சொறிகிறவர்கள் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். பார்த்தீனியம் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கேரட் இலை மாதிரி இலை, உச்சியில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ, காலி மனை எங்கே இருந்தாலும் அங்கே இடுப்பளவு நிற்கும். சிலருக்கு அது ஆகாது. எனக்கு ஆகவே ஆகாது. கருங்குழியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் விற்காத மனைகள் வரிசையாகக் கிடக்கின்றன. என் கழுத்தும் கையும் தடித்துக் கறுத்து, நிம்மதியாகத் தூங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஒன்று அந்தச் செடி போக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். என் அப்பாவும் மாமனாரும் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் சொந்தப் பெயரில் பட்டா வாங்கியது நானும் என் வீட்டுக்காரரும்தான். அந்த வீட்டை ஒரு களைக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அப்போதுதான் அந்தச் செடிக்குத் துரு நோய் என்று ஒரு பூஞ்சை பரவுவதாகவும், அதைக் கணக்கெடுக்க ஆள் எடுப்பதாகவும் கேள்விப்பட்டேன். கழுத்தைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு நேர்காணலுக்குப் போனேன். கிடைத்துவிட்டது. ஓர் இடத்தில் பத்துச் செடிக்கு மஞ்சள் ரிப்பன் கட்ட வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய் இலையைத் திருப்பிப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். நோய் தானாக எப்படிப் போகிறது என்பதுதான் ஆய்வு, நாம் கொண்டுபோய்ப் பரப்பிவிடக் கூடாது என்று எங்கள் மேடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார். ஒவ்வோர் இடத்திலும் செருப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குவேன், கையுறையை வீசுவேன், மேல்சட்டையை மாற்றுவேன். செடி காய்ந்து விழுந்தால் ரிப்பனை மட்டும் அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்வேன். நல்ல துணியை எறிகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அச்சரப்பாக்கத்துச் செங்கல் தூள்

முதல் நோயை நான் பார்த்தது அச்சரப்பாக்கத்தில், மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால். மார்கழிப் பனி இன்னும் காயவில்லை. இலையைத் திருப்பினேன். அடியில் பழுப்பாகப் பொடி, பட்டையை அரைத்துத் தூவின மாதிரி. தொட்டால் கையுறை விரலில் ஒட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருஷமாக என்னைத் தின்ற செடியை வேறொன்று தின்றுகொண்டிருந்தது.

ஆலையின் வாட்ச்மேனிடம், இதை முன்பே பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் தன் வேட்டியைத் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே துணியெல்லாம் அந்த நிறம். மனிதருக்கு ஒன்றும் செய்யாது என்று மேடம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் செடிகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"செங்கத் தூளுன்னு நென்ச்சி தட்டிவுட்டுகினே இருந்தேம்மா. இங்க செங்கல் வந்து பத்து வருசம் ஆவுது."

ஏழாவது மாடியிலிருந்து

கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தை ஒட்டிய காலி மனை. ரிப்பன் கட்டியபோது இலை இலையாகத் திருப்பிப் பார்த்திருந்தேன். ஒரு பொட்டுப் பொடி இல்லை. பதினைந்து நாள் கழித்துப் போனால், நான் கட்டிய பத்தும் பழுப்பேறி நின்றன. பதினொன்றாவது செடி பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. அவ்வளவு பெரிய மனையில் சரியாக என் பத்து மட்டும் எனக்காகக் காத்திருந்த மாதிரி. சுள்ளென்ற வெயிலில் பதினொன்றாவதின் இலைகளை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தேன். கொழுத்த செடியாகப் பார்த்துத்தானே கட்டினேன், கொழுத்ததற்குத்தான் நோய் முதலில் வரும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

படம் எடுத்து முடித்தபோது அடுக்ககத்திலிருந்து ஒருவர் மூச்சு வாங்க இறங்கி வந்தார். மதுரைக்காரராம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, நாற்காலி போட்டிருப்பது பால்கனியில். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

"அக்கா, நானும் மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க கட்டுனது காயுது, கட்டாதது நல்லாத்தான் நிக்குது. எங்க கேட் பக்கம் மட்டும் எதுவும் கட்டிராதீங்க."

சவுக்குத் தோப்பு ஓரத்து வீடு

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு வீடு. அங்கே எனக்கு முன்பே என்னைப் பற்றிய பேச்சு போயிருந்தது. தோப்பில் சருகு பொறுக்கிய பெண்கள் என் மஞ்சள் ரிப்பனைக் கண்டதும் கூடையோடு எழுந்து போய்விட்டார்கள். நான் எட்டாவது செடியில் இருக்கும்போது அலறல் கேட்டது. பையிலிருந்து விழுந்த ஒரு ரிப்பனை அந்த வீட்டுப் பெண் குழந்தை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் அம்மா அதைத் தொடப் பயந்து ஓரமாக நிற்கிறாள்.

நான்தான் அவிழ்த்தேன். அந்தக் கறுப்பு முடியில், ரிப்பன் இருந்த இடத்தில், பழுப்பாக ஒரு கோடு.

செருப்பு, கையுறை, சட்டை என்று எல்லாவற்றையும் கழுவியவள் ரிப்பனைக் கழுவவில்லை. அச்சரப்பாக்கத்தில் செத்த செடியிலிருந்து அவிழ்த்ததைத்தான் கேளம்பாக்கத்தில் கட்டினேன், அங்கே அவிழ்த்ததை இங்கே. நோயைப் பார்க்கப் போன நானே அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துச் சுமந்திருக்கிறேன். கிணற்றடியில் உட்காரவைத்துக் குழந்தையின் தலைக்கு இரண்டு முறை சோப்புப் போட்டேன். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. செடியைத் தவிர வேறெதையும் இது தொடாது என்று எத்தனை சொல்லியும் அம்மாக்காரி கேட்டது ஒன்றுதான்:

"எதுல கட்னாலும் பதினஞ்சு நாள்தான் கெடுன்றாங்களே, எம் பொண்ண நான் எத்தினி நாள் பாத்துகினு கீறது?"

பதினாறாம் நாள் காலையில் அந்த வீட்டுக்குச் சும்மாவே போய் வந்தேன். குழந்தை வாசலில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. அம்மாக்காரி அதை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காற்றுக்கு எதிராக

மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். வேலை போனால் அந்த நோய் என்றைக்குக் கருங்குழிக்கு வரும் என்று பார்க்கக்கூட வழியில்லை. செங்கல்பட்டு அலுவலகத்தில் அவர் சுவர் நிறைய வரைபடத்தை மாட்டிவைத்து, நோய் வந்த இடத்தில் எல்லாம் பழுப்புப் பொட்டு ஒட்டினார். மார்கழியிலிருந்தே காற்று கடலிலிருந்து உள்ளே வருகிறது, நோய் மட்டும் உள்ளேயிருந்து கடலுக்குப் போகிறதே, காற்றுக்கு எதிராக எப்படிப் போகும் என்று அவர் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஆய்வே செய்யாத இரண்டு இடங்களில்கூட நோய் வந்திருந்தது. இரண்டும் டீக்கடை வாசல்கள். இரண்டிலும் நான் பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று திரும்பும்போது எங்கள் ஆய்வு ஜீப்பை ஓட்டியது மணி. வழியில் கண்ணாடியில் என் பையைப் பார்த்தான்.

"எஸ்தரக்கா, காத்துன்னா டீ குட்ச்சிகினு, நின்னு நின்னா போவும்? அந்த மேப்புல கீறது நம்ப ரூட்டுக்கா."

என் வீட்டுக்குப் பின்னால்

மறுநாள் விடியும்போதே பையிலிருந்து ஒரு ரிப்பனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். உங்களிடம் மறைப்பானேன், கட்டத்தான் போனேன். இத்தனை ஊருக்குத் தெரியாமல் செய்ததை என் கழுத்துக்காகத் தெரிந்தே ஒருமுறை செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. பனியில் செடிகள் ஆடாமல் அசையாமல் நின்றன. ஏதோ சரியில்லை என்று பட்டது. செடிக்குப் பயந்து நான் அந்தப் பக்கம் போய் மாதக்கணக்கு ஆகியிருந்தது; போனாலே என் கழுத்து எரியும், அன்று எரியவில்லை. குனிந்து பார்த்தேன். எல்லாமே பழுப்பு. பெரிய வட்டமாக. வட்டத்தின் நடுவில் ஒரு செடியில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது.

நான் கட்டவில்லை. தூக்கத்தில் எழுந்து வந்து கட்டினேனோ என்றுகூட நினைத்தேன். பின்னால் என் வீட்டுக்காரர் பல் தேய்த்தபடி வந்து நின்றார். என்னைப் பார்த்தார், என் கையில் இருந்ததையும் பார்த்தார்.

"ராவெல்லாம் சொறிஞ்சிகினு அழுவுற. ஊரு ஊரா போயி கட்டுறியே, நம்ம வூட்டாண்ட ஒண்ணு கட்னா இன்னா? நாந்தான் ஒன் பையிலேர்ந்து எடுத்து கட்னேன், மாசம் ஒண்ணாவுது."

மேடம் பொட்டுகளை உரித்த நாள்

எனக்கு அழுகை வந்தது, வீட்டுக்காரர் மேல் கோபம் வரவில்லை. மனதில் அவரைக் கும்பிட்டுவிட்டு, பையோடு நேராகச் செங்கல்பட்டுக்குப் போய் மேடத்திடம் ரிப்பன், குழந்தையின் தலை, டீக்கடை, எங்கள் வீட்டுப் பின்பக்கம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கழுத்தையும் திறந்து காட்டினேன். அவர் திட்டவில்லை, வேலையை விட்டும் அனுப்பவில்லை. ரிப்பன்களை முற்றத்தில் போட்டுக் கொளுத்தச் சொன்னார். பிறகு சுவரிலிருந்து பழுப்புப் பொட்டுகளை ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தார். அச்சரப்பாக்கத்துப் பொட்டை மட்டும் உரிக்காமல் விரலை அதன் மேல் வைத்தார்.

"இது மட்டும் உங்களுக்கு முன்னாடியே வந்தது, எஸ்தர். மத்ததுல எது தானா போச்சு, எது நீங்க கொண்டுபோனீங்கன்னு இனிமே யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

இப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் செடி சாய்ந்துவிட்டது, ராத்திரி தூங்குகிறேன், கழுத்து அரிப்பு முக்கால்வாசி போய்விட்டது. மீதிக் கால்வாசி எங்கேயாவது மஞ்சள் ரிப்பனைக் கண்டால்தான் அரிக்கிறது; அதற்கு டாக்டர் கொடுத்த களிம்பு கேட்பதில்லை.