காஜா பெராங்கில் ஒரு ஹில்

மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்து, வெள்ளைக்காரத் துரைமார்கள் மூட்டை கட்டிய சமயம், எங்கள் ஊரான காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஓர் அரசாங்கக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, குடிவந்தார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை. அவர் வீடு ஒரு மண்மேட்டின் மேல் இருந்தது. மேடு என் முழங்கால் உயரம். வந்த மறுநாளே வாசலில் ஒரு பலகை மாட்டினார். அதில் இங்கிலீஷில் 'ஹில்' என்று எழுதியிருந்தது. துரைமார்கள் எல்லாம் ஹில்லில்தானே குடியிருந்தார்கள்.

மாலையில் வேலை விட்டு வரும்போது மேட்டின் அடியிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு ஏறுவார். மூன்று எட்டு வைத்தால் வாசல்.

"மிதிச்சே ஏறிடலாமே ஐயா" என்றேன் ஒரு நாள்.

"ஹில்லுலயா? கீழ இருக்கிறவங்களுக்கு அது புரியாது தம்பி."

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு அவரிடம்தான் போனேன். எங்களுக்கு வேறு மேடு ஏது? கிராணி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, தம் வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்.

"கீழ ரொம்பத் தண்ணியா?" என்று விசாரித்தார். "மேல வாங்க லா, மேசையில வச்சுக்கலாம்."

ஏறிப்போய் மூட்டையை இறக்கியபோது எனக்கு நன்றாக மூச்சு வாங்கியது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"முதல்ல அப்படித்தான் இருக்கும் தம்பி. ஏற ஏறப் பழகிடும்."

தினமும் ஏறுகிற அவருக்கே ஏன் இன்னும் பழகவில்லை என்று கேட்க நினைத்தேன். அரிசி நனையாமல் இருந்தது. கேட்கவில்லை.