உயிர் இருக்கா, தம்பி?

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. மற்றவர்கள் செய்து அனுப்பும் பாகங்களை உருட்டிப் புரட்டிப் பார்த்து, குறை கண்டுபிடித்து, ஒதுக்கித் தள்ளுவதுதான் அந்த வேலை. தர ஆய்வாளர் என்று அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறார்கள். சரியில்லாததைச் சரி என்று எழுதி இருபது வருடத்தில் ஒரு கையெழுத்துக்கூடப் போட்டதில்லை என்று ஜார்ஜ் டவுனில் எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

காரணம் ஒரு காட்டுக்கோழி.

முதலில் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'துப்பாக்கிச் சட்டம் இவ்வளவு கடுமையான நம்ம நாட்டிலா, உன்னிடமா?' என்று கேட்காத உறவினர் இல்லை. விண்ணப்பப் படிவங்கள், போலீஸ் விசாரணை, சுடும் கிளப்பில் வருடக்கணக்கான உறுப்பினர் பதவி, வீட்டில் இரும்புப் பெட்டி, வேட்டைக்குத் தனி லைசென்ஸ் என்று இழுத்தடித்துத்தான் அது கைக்கு வந்தது. அத்தனை அலைச்சலும் ஒரு இருபத்திரண்டு மேக்னம் ரைபிளுக்காக. தோட்டாவின் அடிவிளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும் ரிம்ஃபயர் வகை. சாதாரண இருபத்திரண்டு, எழுபது எண்பது மீட்டர் போவதற்குள் சோர்ந்து தலையைத் தொங்கப்போட்டுவிடும். மேக்னம் நூறு மீட்டர்வரை நேராகப் போகும். தோளில் உதைக்காது. 'டப்' என்று மந்தமாக இல்லாமல் 'சட்' என்று சொடக்குப் போட்டதுபோல ஒரு சத்தம். காலி பால் டின்னை மண்மேட்டில் வைத்து, ஸ்கோப்பில் அதன் எழுத்தைப் படித்து, மூச்சை நிறுத்தி விரலை அழுத்தினால், சத்தம் அடங்குவதற்குள் டின் மேட்டில் இருக்காது. அந்த இன்பத்தை எப்படி விளக்குவது? வாரம் முழுதும் அடுத்தவன் தப்பைத் தேடுகிறவனுக்கு, தான் செய்தது சரி என்று உடனே பதில் வருவது பெரிய சந்தோஷம். அவ்வளவுதான்.

அண்ணன் என்று நான் கூப்பிடுகிறவரை அந்தக் கிளப்பில்தான் சந்தித்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தமிழ் முஸ்லிம், டவுனில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். நானோ செட்டிநாட்டு வழியில் வந்தவன், கோழியில் கால்வரை எதையும் விட்டுவைக்காத குடும்பம். இரண்டு பேருக்கும் சாப்பாட்டுப் பைத்தியம். ஒட்டிக்கொள்ள அது போதுமாக இருந்தது. அவர் மைத்துனருக்குப் புக்கிட் மெர்தாஜாமுக்கு அப்பால் ஒரு சிறு செம்பனைத் தோட்டம். லைசென்ஸ் உள்ள காலத்தில் ஞாயிறு விடிந்ததும் அங்கே போய்விடுவோம். அவரிடம் பழைய ஷாட்கன், என்னிடம் மேக்னம்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. கோழியை யார் சுட்டாலும், அதில் உயிர் இருக்கும்போதே அவர் பிஸ்மில்லா சொல்லி அறுத்துவிட வேண்டும். அறுத்தது அவர் வீட்டுக்கு. அதற்குள் செத்துவிட்டால் அவருக்கு ஆகாது. அது என் வீட்டுக்கு. ஆனால் அவருக்கு முழங்கால் வலி. ஓட முடியாது. ஓடிப்போய்ப் பறவையைப் பிடிப்பவன் நான். கத்தியோடு நொண்டி நொண்டிப் பின்னால் வருபவர் அவர். பாதி வழியிலேயே குரல் வரும்: "உயிரு இருக்கா, தம்பி?" நான் இருக்கிறது என்றால் வேகம் கூட்டுவார். இல்லை என்றால் அப்படியே நின்று கத்தியை மடக்கிவிட்டு, "உங்க வீட்டுல இன்னைக்குக் கொண்டாட்டம்லா" என்பார். ஒரு நாளும் நேரில் வந்து சரிபார்த்ததில்லை. ஆயிரக்கணக்கில் கோழி வாங்கும் கடைக்காரர், சந்தையில் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். என் வார்த்தைக்கு மட்டும் அந்தச் சோதனை கிடையாது. எனக்கு அது பெரிய பட்டம் மாதிரி இருந்தது.

ஷாட்கன் சிதறவிடும் சிறு ஈயரவை இறக்கையில் பட்டுக் கோழியைக் கீழே போடும். உயிர் பெரும்பாலும் இருக்கும். மேக்னம் அப்படியில்லை. பட்டால் முடிந்தது. அதனால் என் வீட்டுச் சட்டி அடிக்கடி நிறைந்தது, அவர் வீட்டில் குறைவு. அவர் அதைக் கேலி செய்வாரே தவிரக் குறை சொன்னதில்லை.

அந்த வருடம் அண்ணிக்கு உடம்பு முடியாமல் போயிற்று. அண்ணனின் மனைவியைத்தான் அண்ணி என்கிறேன். மாதக்கணக்கில் மருந்து, ஊசி, ஆஸ்பத்திரி. வாயில் ருசி போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் இரும்பை நக்குவது போலிருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாராம். ஊருக்கே சோறு போடுகிறவர், சொந்த வீட்டில் ஒரு வாய் ஊட்ட முடியாமல் தவித்தார். ஒரு நாள் அண்ணியே வாய் திறந்து, காட்டுக்கோழி சூப் கிடைத்தால் குடித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை அண்ணன் போன் செய்தார். "தம்பி, நாளைக்கு நீங்க சுட வேணாம். நான் கிட்டப் போயி ஷாட்கன்ல போடுறேன். நீங்க ஓடிப் பிடிச்சா போதும். அவ கேட்டு வாங்குற மொத சாப்பாடு. உயிரோட கெடைக்கணும்."

"சரிண்ணே" என்றேன். ஆனாலும் மேக்னத்தைக் காரில் எடுத்து வைத்தேன். டின் சுடத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலை ஒன்பதுவரை ஒன்றும் அகப்படவில்லை. அண்ணன் இடப்பக்கம் புதரோரம் உட்கார்ந்திருந்தார். நான் தோட்டத்துக் குடிசையருகே, டின்னுக்குக் குறி பார்ப்பதுபோல ஸ்கோப்பை வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். கால்வாய்க்கு அந்தப்பக்கம், உயரமான மண்கரைக்குக் கீழே ஒரு சேவல் வந்து நின்றது. செம்பட்டைக் கழுத்து, வெள்ளைக் காது. எழுபது மீட்டர் இருக்கும். அண்ணனுக்குக் கைகாட்டிக் கூப்பிட்டிருக்கலாம். அவர் மெதுவாகச் சுற்றிப் போயிருப்பார், சேவல் நின்றாலும் நின்றிருக்கும். நான் கூப்பிடவில்லை. ஸ்கோப்பில் அந்தக் கழுத்து அவ்வளவு தெளிவாக இருந்தது. எனக்கு அண்ணியும் தோன்றவில்லை, சூப்பும் தோன்றவில்லை. என்னால் முடியும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

சட்.

ஓடினேன். கால்வாய்ப் பலகையைத் தாண்டிப் போய்த் தூக்கியபோது தலை துவண்டு விழுந்தது. கண்ணில் ஏற்கெனவே மூடுபனி படர்ந்திருந்தது. நெஞ்சில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

பின்னால் அண்ணன் வருகிற சத்தம் கேட்டது. அவர் திட்டவில்லை. ஏன் சுட்டீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"உயிரு இருக்கா, தம்பி?"

இல்லை என்று சொன்னால், சுட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டும் சுட்டுக் கெடுத்தவன் நான் என்றாகிவிடும். அந்த ஒரு நொடியில் அதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. அண்ணிக்காகப் பொய் சொன்னேன் என்று பிற்பாடு என்னை நானே ஏமாற்றப் பார்த்தேன்; அது உண்மையில்லை.

"இருக்குண்ணே! சீக்கிரம் வாங்க!"

அவர் அந்த முழங்காலோடு ஓடி வந்தார். கோழியின் காலை மேல்நோக்கி மடக்கினால் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். செத்த கோழியானாலும் மடங்கும். கோழி சுத்தம் செய்கிற வீட்டில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த சங்கதி. நான் இறகுக்குள் கையைக் கொடுத்து அதைச் செய்தேன்.

"பாருங்க, விரல மடக்குது."

அண்ணன் கோழியைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். ரத்தம் கொஞ்சமாகக் கசிந்தது. "அல்ஹம்துலில்லா" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அன்று மத்தியானமே கூப்பிட்டுச் சொன்னார், அண்ணி ஒரு கிண்ணம் முழுதும் குடித்தார் என்று. நான் சந்தோஷப்பட்டேன். வெட்கத்தைச் சொல்ல வந்தவன் இதையும் மறைக்கக் கூடாது: உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். தொலைந்தது பிரச்சினை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பெருநாள் வந்தது. அண்ணி நன்றாகத் தேறியிருந்தார். அவர்களுடைய ஜெலுத்தோங் வீட்டில் யாரும் வந்து சாப்பிடலாம் என்று திறந்த இல்ல விருந்து. உறவும் கடை ஆட்களுமாக வீடு கொள்ளவில்லை. என்னைக் கண்டதும் அண்ணி கூட்டத்தின் நடுவில் என் பக்கம் கைகாட்டிச் சொன்னார்: "எனக்கு நாக்கு திரும்பி வந்ததே இந்தத் தம்பி பிடிச்சுக் குடுத்த கோழியிலதான். வேற மதம்னாலும் எங்க ஹலால எங்கள விடக் கவனமாப் பாப்பாரு. செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு மொகத்துக்கு நேரா சொல்லிருவாரு. இவரு சொன்னா எங்க வீட்டுல மறுபேச்சே இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெரியவர் என் தோளில் தட்டினார். வாயில் இருந்த ரெண்டாங் இறைச்சியை மெல்லாமலே விழுங்கினேன். அந்த வீட்டுத் தரையைப் பார்த்தபடியே மீதித் தட்டைக் காலி செய்தேன்.

கிளம்பும்போது அண்ணன் கார்வரை வந்தார். என் மனைவிக்கென்று கட்டிய சாப்பாட்டுப் பை அவர் கையில் இருந்தது. அங்கேயே சொல்லிவிட்டேன். சேவல் செத்துக் கிடந்தது, நான்தான் விரலை மடக்கிக் காட்டினேன் என்று நாலே வரியில்.

அவர் சாப்பாட்டுப் பையின் முடிச்சை இறுக்கிக் கட்டினார்.

"அவகிட்ட சொல்லிராதீங்க" என்றார். "தெரியாம சாப்பிட்டா. அவளுக்குப் பாவம் கெடையாது. தெரியாம அறுத்தேன், எனக்கும் கெடையாது."

"எனக்குண்ணே?"

"அத எங்கிட்ட கேக்காதீங்கலா, தம்பி."

சாப்பாட்டுப் பையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வாசல் கேட்டை மெதுவாகத்தான் சாத்தினார்.

இரண்டு மாதம் பேச்சில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது அவரே கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம சும்மாத்தானே இருக்கீங்க? போவோமா?" எனக்குத் தலைகால் புரியவில்லை. மேக்னத்தைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு போனேன்.

அவர் ஷாட்கனால் ஒரு கோழியைப் போட்டார். இறக்கையில் பட்டுப் புல்லுக்குள் விழுந்து தத்தியது. ஓடிப்போய்ப் பிடித்தேன். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நானே கத்தினேன்: "உயிரு இருக்குண்ணே! வாங்க!"

அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அடியாகக் கால்வாய்ப் பலகையைத் தாண்டி, வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு வந்தார். "வாங்கண்ணே, சீக்கிரம்" என்று மறுபடியும் கத்தினேன். கைக்குள் துடிப்பு தளர்ந்துகொண்டே வந்தது. அவர் வந்து சேர்ந்து, கஷ்டப்பட்டுக் குனிந்து, இரண்டு விரலை அதன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அந்த முறை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இல்ல தம்பி. நீங்க எடுத்துக்குங்க."

"இப்பத்தாண்ணே போச்சு. சத்தியமா, இப்ப வரைக்கும் இருந்துச்சு."

"பரவால்ல" என்று கத்தியை மடக்கினார்.

திரும்பி வரும்போது தீவுக்குப் போகும் பாலத்து நெரிசலைப் பற்றியும் கோழி விலையைப் பற்றியும் பழையபடியே பேசிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் நாலைந்து முறை போயிருக்கிறோம். இப்போதும் நான்தான் ஓடுகிறேன், அவர்தான் கத்தியோடு வருகிறார். உயிர் இருக்கிறதா என்று மட்டும் என்னிடம் கேட்பதில்லை.