சந்திரமதி கேட்ட நான்கு திரைகள்

கெலாங் பாத்தாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அதிசயத் திரை ஒன்று இருக்கிறதாம். உள்ளே நுழைகிறவர் முகத்தைப் பார்த்ததுமே இவர் இன்றைக்குச் சைவமா அசைவமா என்று கண்டுபிடித்து, அதற்கேற்ற சாப்பாட்டைக் காட்டுமாம். ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலு இதை யாரோ ஒரு லாரிக்காரர் வாயிலாகக் கேட்டு, விஜயேந்திரன் காதில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அதிலிருந்து விஜயேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. அதே கடைக்கு ஒன்பது மின்திரைகள் மாட்டத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் அவர். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, ஜொகூர் பாருவில் உள்ள அவருடைய அலுவலகத்தில், கடை முதலாளி குணாளன் மேலாளர் முன்னிலையில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. இந்த நேரம் பார்த்து எந்தக் கம்பெனி உள்ளே புகுந்து கேமரா வைத்தது?

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கடையில் போய் நின்றார். சுவரில் ஒரே ஒரு பழைய டிவி. அதற்கு மேலே, கீழே, பின்னால் என்று கழுத்தை வளைத்து வளைத்துத் தேடினார். ஒன்றும் இல்லை.

"என்ன சார், பல்லி புடிக்கிறீங்களா?" என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது.

அங்கே ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். காசாளர் சந்திரமதி.

"கேமரா எங்கக்கா இருக்கு?"

சந்திரமதி தன் மூக்குக்கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள். "இந்தா இருக்கு. வெள்ளிக்கிழம, நெத்தியில திருநீறு, கோயில்லேர்ந்து நேரா வர்றாங்க. பட்டன அமுக்குனா சாம்பார் வந்துரும். இதுக்குப் போயி கேமராவா? அலமாக்!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நீங்கதானே அந்த ஒம்போது டிவிக்காரரு? நாலு போதும்னு நானும் பாஸ்கிட்ட ஒரு திட்டம் குடுத்தேன் சார். எதுல எப்ப என்ன காட்டணும்னு நான் பாத்துக்கறேன்னேன். 'டிவிக்காரரே ஒன்னோடது தேவலன்னு சொன்னா ரெண்டு மணிக்குள்ள போன் பண்ணச் சொல்லு'ன்னு சிரிச்சிட்டுப் போனாரு. கையெழுத்தாயிருச்சின்னா எல்லாத்தையும் ஒங்க ஆபீஸ்லேர்ந்தே ஓட்டுவீங்க. நான் இந்தக் கல்லாவோட சரி."

விஜயேந்திரன் சுவரிலிருந்த பழைய டிவியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்க படம் கையில இருக்கா? போடுங்க, பாப்போம்."

இருந்தது. டிவியில் போட்டார். மூன்று நாள் பாடுபட்டு எடுத்த படம். மிளகாய்க் குழம்பில் நண்டு புரளும். ஆவி எழுந்து திரையை மூடும். பார்க்கிறவருக்கு வாயூறாமல் இருக்காது.

நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே காலியாகக் கிடந்த மேசைகளைத் தாண்டிப் போய், கைகழுவும் தொட்டியை ஒட்டி, டிவிக்கு அடியிலேயே உட்கார்ந்தார்கள். அடுத்துத் தொழிற்சாலைச் சீருடையில், நெற்றியில் சந்தனத்தோடு இருவர். அவர்களும் அங்கேதான். கழுத்தில் மாலை போட்ட பெரியவர் ஒருவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அதே மேசையில் நெருக்கி உட்கார்ந்தார். தொட்டித் தண்ணீர் முதுகில் தெறித்தும் யாரும் அசையவில்லை.

"பாத்தீங்களாக்கா, என் படத்துக்கு எவ்ளோ கூட்டம்!"

"டிவிக்கு அடியில ஒக்காந்தா டிவி தெரியாதுல்ல சார்," என்றாள் அவள் மெதுவாக.

விஜயேந்திரனுக்குச் சட்டென்று விளங்கியது. விரதக்காரர் படத்தை மாற்றச் சொல்லிச் சண்டைக்கு வருவதில்லை. தான் இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறார். பத்து வருடமாக இந்தத் தொழிலில், திரையை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றே அவர் கணக்கெடுத்திருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களை ஒருநாளும் எண்ணியதில்லை.

சந்திரமதி ரிமோட்டை அழுத்தினாள். நண்டு போய்ச் சாம்பார் வந்தது. பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பக்கம் பக்கமாக, ஐந்தைந்தாக எண்ணிய கணக்கு: நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு. காஹாங் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பதினெட்டு வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியே, மின்பலகையில் பற்றவைத்த ஈயப் புள்ளிகளில் குறை தேடியவள். தொழிற்சாலையை மூடினார்கள், கண்ணை மூட அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக இந்தக் கடையில் யார் எங்கே நிமிர்கிறார், எங்கே குனிகிறார் என்று குறித்து வைத்திருக்கிறாள்.

"காலையில நாலரைக்கு சிங்கப்பூர் வேலைக்குப் போற மோட்டார்காரங்க வருவாங்க சார். ஹெல்மெட்ட கழட்ட மாட்டாங்க. நானே வீட்டுக்காரரு ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு மழையில எதுத்தாப்புல நின்னு பாத்தேன். எழுத்து ஒரு சாண் இருந்தாத்தான் தெரியுது. அவங்களுக்குப் படம் வேணாம், வெல வேணாம். புங்குஸ் பொட்டலம் கட்டித்தர எத்தன நிமிஷம், அது போதும். மூனுன்னா நிப்பாங்க. எட்டுன்னா போயிருவாங்க. பொய் சொன்னா நாளைக்கு வரமாட்டாங்க."

அவள் கேட்ட நான்கு திரைகளும் நோட்டில் இருந்தன: ரோட்டைப் பார்த்து ஒன்று. கல்லாவுக்கு மேலே ஒன்று. கூடத்தில் ஒன்று, வெள்ளிக்கிழமைகளில் அதில் சைவம் மட்டும். நான்காவது, கைகழுவும் இடத்தில்.

"அங்க எதுக்குக்கா? சாப்புட்டு முடிச்சவங்கதானே வருவாங்க?"

"வயிறு நெறஞ்சவங்கதான் சார் நாளைக்கு என்னன்னு நின்னு பாக்கறாங்க. எண்ணியிருக்கேன், பாருங்க."

"அப்ப என்னோட மிச்சம் அஞ்சு?"

"அந்த அஞ்சு எடத்துல யாரும் தலையே தூக்கல."

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பெரிய கோயிலுக்குள் முதன்முதலாக நுழைந்தவரைப்போல கோடு கோடாக நின்று நின்று பார்த்தார். இத்தனையையும் ஒருத்தி, மீதிச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டே பார்த்திருக்கிறாள்!

மணி ஒன்று ஐம்பது. குணாளன் சொன்ன கெடுவுக்கு இன்னும் பத்து நிமிடம். ஐந்து திரை போனால் மேலாளர் என்ன பேசுவார் என்பதும் அவருக்குத் தெரியும். கைபேசியை எடுத்து குணாளன் எண்ணை அழுத்தினார்.

சந்திரமதி அடுத்த பில்லைப் போட ஆரம்பித்தாள். பேனா மட்டும் நகரவில்லை.

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார்.

"எடுக்கலையா சார்?"

"அடிக்குதுக்கா," என்றார் விஜயேந்திரன். கைபேசியைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டார். அது அடித்துக்கொண்டே இருந்தது.