மூக்குத்தியின் பின் சீட்டு

எங்கள் காருக்கு மூக்குத்தி என்று பெயர். அதைச் செய்த கம்பெனி வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரை அப்பா ஒரு மாதிரி சொல்வார், அம்மா ஒரு மாதிரி சொல்வார், இரண்டுமே தப்பு என்று அக்கா சொல்வாள். காரின் முன்பக்க வலைக்கு நடுவில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு சின்னம் இருக்கும். முன்விளக்கைப் போட்டால் அந்தச் சின்னமும் உள்ளேயிருந்து மஞ்சளாக எரியும். எதிரே வருகிறவர்களுக்கு, மூக்குத்தி போட்ட ஒரு பெரிய மனுஷி நிதானமாக நடந்து வருவது போலத் தெரியுமாம். தோட்டத்தில் யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பிள்ளைகளே, தோட்டம் என்றால் பூந்தோட்டம் இல்லை, ரப்பர்த் தோட்டம். அப்பா அங்கே ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பியபோது ஆபிசில் வேலை செய்த பெரிய கிராணிக்கு அந்தக் காரைக் கொடுத்துவிட்டுப் போனாராம். கிராணி அதை ஓடும்வரை ஓட்டிவிட்டு, நின்றுபோனதும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் தள்ளிவிட்டார். அப்பா அதைக் கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி உயிர் கொடுத்தார். பேராக் மாநிலம் முழுக்க இந்த மாதிரிக் கார் இது ஒன்றுதான் ஓடுகிறது என்று அப்பா சொல்வார். வேறு யாரும் போய் எண்ணிப் பார்க்கவில்லை, ஆகவே நாங்களும் நம்பினோம்.

தோட்டத்தை விற்று வீடு கட்டப்போகிறார்கள் என்று ஆனதும் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நாங்கள் ஈப்போவில் புந்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்கு வந்தோம். எனக்கு அப்போது நான்கு வயது. சட்டி பானையெல்லாம் மேலே ஏறின. மூக்குத்தி மட்டும் நீலக் கித்தான் போர்த்திக்கொண்டு கீழேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கித்தானை எடுப்பார். துடைப்பார். மார்க்கெட் வரை ஒரு சுற்று போய் வருவோம். ஆனால் வானத்தில் ஒரு கறுப்பு மேகம் தெரிந்தாலும் போதும், அன்றைக்குக் கார் கிளம்பாது. மழை என்றால் அப்பாவுக்கு அந்தக் காரை எடுக்கக் கை வராது. அம்மாவோ வெயில், மழை எதுவும் பார்க்காமல் காரைத் திட்டுவார்.

"நேரத்துக்கு ஒதவாத வண்டி. வித்துத் தொலைங்க."

அதைக் கேட்டால் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஏற்கெனவே பளபளக்கும் கண்ணாடியை இன்னொரு தடவை துடைப்பார். அம்மா இஸ்திரிப் பெட்டியையும் தொலைக்காட்சியையும்கூட அப்படித்தான் திட்டுவார், அதனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

பின் சீட்டில் இடது ஓரம் என் இடம். சீட்டுக்கு அம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். அதைக் கழற்றித் துவைப்பதும் மாட்டுவதும் அம்மா மட்டும்தான். கார் வேண்டாம், கார் உறை மட்டும் வேண்டும். இதுவும் எனக்கு விசித்திரமாகப் படவில்லை. அம்மாக்கள் அப்படித்தான் என்று நினைத்தேன்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், சாலை வரி கட்டாத பழைய வண்டிகளை எல்லாம் திங்கட்கிழமை இழுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று கீழே பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். இழுத்துக்கொண்டு போனால் நசுக்கி இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். வரி கட்ட வழியில்லாமல் அப்பா யார் யாரையோ விசாரித்து, லூமுட்டில் படகுப் பட்டறை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேயைப் பிடித்தார். தவுக்கே என்றால் முதலாளி. அவர் பழைய கார்களைச் சேர்த்து வைப்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அப்பா கீழே போவார், காரைத் துடைப்பார், மேலே வருவார், தண்ணீர் குடிப்பார், மறுபடி கீழே போவார். அம்மா அடுப்பில் எதையோ வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார். நான் மூன்று மாடியையும் ஏறி ஏறி இறங்கினேன். எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. மழை வரவேண்டும். மழை வந்தால் அப்பா வண்டியை எடுக்கமாட்டார், வண்டியை எடுக்காவிட்டால் விற்க முடியாது. சுண்ணாம்புமலைக்கு மேலே ஒரு மேகம் நின்றது. அதைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"டேய், யார கும்புடுற?" என்றாள் அக்கா.

சொன்னேன்.

"மழ வந்தா தவுக்கே கரைஞ்சிருவாரா? லாரிலதான் ஏத்திட்டுப் போவாரு லா, மண்டு."

சொல்லி வாய் மூடவில்லை, கீழே லாரி வந்து நின்றது.

தவுக்கே அரைக்கால் சட்டையும் ரப்பர்ச் செருப்பும் போட்ட ஒல்லியான மனிதர். காரைச் சுற்றி வந்தார், கதவைத் திறந்து மூடினார், காதை வைத்துக் கேட்டார், சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தார். அப்பா அவருக்குப் பின்னாலேயே, பிள்ளையை டாக்டரிடம் காட்டுகிறவர் மாதிரி நடந்தார். கடைசியில் தவுக்கே முன்விளக்கைப் போடச் சொன்னார். பட்டப்பகலில் மூக்குத்தி மஞ்சளாக எரிந்தது. அந்த மனிதர் சின்னப் பையன் மாதிரி கைதட்டிச் சிரித்தார்.

"அண்ணே, எல்லாம் ஒரிஜினலா?" என்று மலாயில் கேட்டார்.

அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. அவருக்கு எல்லாம் ஒரிஜினலாக வேண்டும். கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழக் கயிறு ஒரிஜினல் இல்லை, கழற்றி அப்பா கையில் கொடுத்தார். சாம்பல் கிண்ணத்துக்குப் பதிலாக அப்பா வைத்திருந்த, ரப்பர்ப் பால் வடிக்கும் மங்கு ஒரிஜினல் இல்லை, அதுவும் வெளியே வந்தது. பிறகு பின்கதவைத் திறந்து அம்மா தைத்த உறையை ஒரே இழுப்பில் உருவினார்.

உறைக்கு அடியில் சீட்டு எப்படி இருக்கும் என்று நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பழுப்புத் தோல். இடது ஓரத்தில், நான் உட்காருகிற இடத்தில், பெரிதாகக் கருத்துப்போன ஒரு கறை.

தவுக்கே உச்சுக்கொட்டினார். இது என்ன என்றார்.

"கோப்பி கொட்டிருச்சு," என்று அப்பா மலாயில் சொன்னார்.

எனக்குத் தாங்கவில்லை. "நம்ம கார்லதான் யாரும் கோப்பி குடிக்கக் கூடாதேப்பா!" என்றேன். அக்கா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது.

பரவாயில்லை, இந்தச் சீட்டைப் பிய்த்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தோல் போட்டுக்கொள்கிறேன் என்றார் தவுக்கே. அதுவரை படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்த அம்மா காருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"சீட்ட குடுக்க முடியாது."

அப்பா திகைத்துப்போனார். "இந்தா, என்ன பேசுற? பின் சீட்டு இல்லாம எவன் கார் வாங்குவான்?"

"வாங்க வேணாம்னா போகட்டும்."

"நீதான காலமெல்லாம் வித்துத் தொலை, வித்துத் தொலைன்னு கத்துன?"

"வண்டிய சொன்னேன். சீட்ட சொன்னனா?"

மாடி வராந்தாக்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. "அக்கா, விடாதீங்க!" என்று இரண்டாவது மாடியிலிருந்து யாரோ விஷயம் தெரியாமலே கத்தினார்கள். தவுக்கே கையை விரித்தார். பிறகு சாவியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு லாரிப் பக்கம் நடந்தார்.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. மழை வராவிட்டால் என்ன, அம்மா வந்துவிட்டாரே! ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் வந்த வேகத்தில் போய்விட்டது.

"நாளைக்கு இழுத்துட்டுப் போயி நசுக்கிருவானுங்க," என்றார் மெதுவாக. "அத பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது."

அம்மா அவரை ஒரு தடவை பார்த்தார். காரை ஒரு தடவை பார்த்தார். பிறகு விறுவிறுவென்று லாரிக்குப் போய்த் தவுக்கேயை நிறுத்தினார். அம்மாவுக்கு மலாய் மார்க்கெட்டில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் வரும். அந்த மலாயில் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். ஒரு தடவை சீட்டைக் காட்டினார். ஒரு தடவை என்னைக் காட்டினார்.

தவுக்கே திரும்பி என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். நான் பயந்துபோய் அக்காவின் பின்னால் ஒளிந்தேன். கறைக்கு நான்தான் காரணம் என்று அம்மா கோள் சொல்லிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் அப்பாவைப் பார்த்து ஏதோ கேட்டார். அப்பா தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

அதற்குப் பிறகு பேரமே இல்லை. "போலே, போலே," என்றார் தவுக்கே. ஆகட்டும், ஆகட்டும் என்று அர்த்தம். அவரே திரும்பி வந்து பின்கதவைத் திறந்து, சீட்டின் முன்விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். அது சோறு வெந்த பானையின் மூடி மாதிரி சுலபமாகக் கையோடு வந்தது. ஒரு முனையை அப்பாவிடம் கொடுத்து, இரண்டு பேருமாகப் பூப்போல இறக்கி வைத்தார்கள். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து, உள்ளே பணம் வைத்த சிவப்பு அங்பாவ் உறை ஒன்றை எடுத்தார். புதிதாக வாங்கும் காரில் ராசிக்குக் கட்டுவதற்காகக் கொண்டுவந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார்.

சீனப் புத்தாண்டு போய் எவ்வளவோ மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அங்பாவ் வாங்கினால் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"கோங் சி ஃபா சாய்!" என்றேன் உரக்க.

தவுக்கே விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தார், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. அப்பா சிரிக்கவில்லை. மூக்குத்தியை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டி முடித்ததும் தவுக்கேயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். மழையில் எடுக்காதீர்கள். லாரி கிளம்பியது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால், பல் விழுந்த வாய் மாதிரி உள்ளே வெறுமையாக இருந்தது. மலைக்கு மேலே நின்ற மேகமும் எங்கோ போயிருந்தது.

சீட்டை மூன்று மாடி தூக்கி வந்து, ஹாலில் இரண்டு மரப்பெட்டிக்கு மேல் வைத்து, அம்மா பழைய உறையை மாட்டினார். எங்கள் வீட்டுக்குச் சோபா வந்துவிட்டது. அம்மாவுக்கு ரொம்ப நாளாகச் சோபா ஆசை. அதற்காகத்தான் அந்தச் சண்டை என்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் அம்மா தவுக்கேயை ஏமாற்றிச் சோபா வாங்கிவிட்டார் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அக்கா மட்டும், "ஒனக்கு ஒன்னும் தெரியாதுடா. நான் வாய தொறந்தா அம்மா என்ன கிழிச்சிருவாங்க," என்று சிரித்துக்கொண்டு போனாள்.

பல வருஷம் கழித்து, என் மூத்த மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுதான் அம்மா சொன்னார். நான் ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. தோட்டத்திலிருந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு அப்பா கிளம்பிய சாயங்காலம் அப்படி ஒரு மழை. சிம்பாங் பூலாய் சந்திப்பில் வெள்ளம். கேமரன்மலைக் காய்கறி லாரிகள் வரிசையாக நிற்க, மூக்குத்திக்குள் தண்ணீர் புகுந்து இன்ஜின் நின்றுவிட்டது. அப்பா சட்டையைக் கழற்றி நனைந்த பாகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே, கூட வந்த பக்கத்து வீட்டு அத்தையின் கையில், பின் சீட்டின் இடது ஓரத்தில் நான் வந்துவிட்டேன். தன் கார் அன்றைக்குக் கைவிட்டுவிட்டதே என்று அப்பாவுக்கு வெட்கம். அதனால் அந்தப் பேச்சை வீட்டில் எடுப்பதில்லை.

"நேரத்துக்கு ஒதவல, நெசந்தான்," என்றார் அம்மா. "ஆனா ஒன்ன நனைய விடலயே."

சீனர்கள் புதிதாகப் பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனால் கையில் அங்பாவ் வைப்பார்கள் என்பதும் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அந்த மனிதர் எனக்குக் கொடுத்தது அது.

கார் போன அன்று சாயங்காலமே அந்தப் பணத்தில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன். புதுச் சோபாவில், என் இடத்தில் உட்கார்ந்து, பாதியை அதன் மேலேயே ஒழுகவிட்டேன். தரையில் ஒரு சொட்டு சிந்தினாலும் கரண்டியைத் தூக்குகிற அம்மா, ஈரத்துணி கொண்டுவந்து பேசாமல் துடைத்துவிட்டுப் போனார். தப்பித்தோம் என்று கோனையும் கடித்துத் தின்றேன்.