முதுகில் விழுந்த கிரகணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில் சூரிய கிரகணம் வந்த பிற்பகல். நெல்லித்தோப்பு வீட்டு மொட்டை மாடியில் என் கணவர், கை உடைந்தபோது எடுத்த எக்ஸ்ரே படத்தைக் கண்ணருகே தூக்கினார். வெடுக்கென்று பிடுங்கினேன்.

"இது வழியா பாத்தாலும் கண்ணு போயிடும். கண்ணு போனா யாரு கைபிடிச்சிக் கூட்டினு போறது? திரும்பி நில்லுங்க."

"ஆம்பள முதுகு காட்றதா?" என்று முனகிக்கொண்டே திரும்பினார்.

நானும் சூரியனுக்கு முதுகைக் காட்டி, ஜல்லிக்கரண்டியை வெயிலில் நீட்டினேன். அதன் ஓட்டைகள் வழியே வந்த ஒளி, அவருடைய வெள்ளைச் சட்டையில் குட்டிக் குட்டிப் பிறைகளாக விழுந்தது. ஒவ்வொன்றும் ஒரு சூரியன்.

"அழகா இருக்குதுங்க."

"எனக்கு எங்க தெரியுது?"

கரண்டியை அவர் வாங்கிக்கொண்டார். கிரகணம் விடும்வரை மாறி மாறி முதுகு காட்டினோம்.

பக்கத்திலேயே வெள்ளைச் சுவர் இருந்தது. நான் சொல்லவில்லை.