தையல் கிளாஸ்

கொல்கத்தாவில், டாலிகஞ்சில் சனிக்கிழமைதோறும் நாங்கள் கூடுகிற அறையில் ‘தையல் கிளாஸ்’ என்று போர்டு தொங்கும். உள்ளே பேச்சு வேறு. புருஷன் அடித்தால் எங்கே போவது, சட்டம் என்ன சொல்கிறது என்று வருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். வீட்டில் சந்தேகம் வராதிருக்க, தைத்த துணி ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புவோம்.

புதிதாக வந்த தமிழ்ப்பெண்ணுக்கு நூல் கோக்கவே வரவில்லை; ஊசி நழுவி நழுவி விழுந்தது.

“ஏண்டி, ஊசியே உன்னைப் பாத்துப் பயப்படுதே!” என்றேன். அன்றுதான் சிரித்தாள். எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்கு ஒரு தலையணை உறை தைத்து, பூ வேலையும் செய்து கொடுத்தோம்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. போன்தான் வந்தது.

“பாட்டி, உறை அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதான் நல்லா கத்துக்கிட்டியே, இனிமே எதுக்குப் போகணுங்கறார்.”

“பட்டனுக்குக் காஜா எடுக்கத் தெரியலன்னு சொல்லுடி!”

“சொன்னேன். என் சட்டையிலயே பழகிக்கோங்கறார்.”

பின்னால் ஆண்குரல் கேட்டது. போன் நின்றுவிட்டது. திரும்ப நாங்கள் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அடி அவளுக்குத்தான்.

பக்கத்தில் ஒருத்தி அடுத்த பெண்ணுக்கான உறையில் அழகாகப் பூ போட்டுக்கொண்டிருந்தாள்.

“கோணலா தைடி,” என்றேன் என் அரைகுறை வங்காளத்தில்.

யாரும் சிரிக்கவில்லை.