பலகைக்கு அந்தப் பக்கத்துச் சம்பல்

பாலாவிச் சந்தியில் நான் இருந்ததை அறை என்று சொல்லக் கொஞ்சம் துணிவு வேண்டும். ஒரு அறையை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பலகை கூரை வரை போகவில்லை. இரண்டு பக்கத்துக்கும் மேலே ஒரே பல்ப். அதன் சுவிச் என் பக்கம் இருந்ததால், "லைட்ட அணைக்கட்டா நானா?" என்று அந்தப் பக்கத்தவரைக் கேட்டுவிட்டுப் படுப்பது என் கடமை.

அந்தப் பக்கம் இருந்தவர் உப்பளத்து லொறி ஓட்டுபவர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். குடும்பம் கற்பிட்டியில், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போவார். நான் சந்தியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. என் ஊரான உடப்புக்குக் கடைசி பஸ் போன பிறகுதான் முதலாளிக்குக் கடை பூட்ட மனம் வரும். அதனால்தான் இந்தப் பலகை வாழ்க்கை.

அந்த வருடம் நான் தீ மிதிக்க நேர்ந்திருந்தேன். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. மூன்றாவது தங்கினால் நடக்கிறேன் என்று அம்மனிடம் சொல்லியிருந்தேன். பிள்ளை தங்கி, பிறந்து, தவழவும் தொடங்கிவிட்டது. காப்புக் கட்டினால் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடக்கூடாது. விரதம் தவறி நெருப்பில் இறங்கினால், யாருக்காக நேர்ந்தோமோ அவர்களையும் அது சுடும் என்பது எங்கள் ஊர்ப் பயம். எனக்கும் அந்தப் பயம் நிறையவே இருந்தது.

நானாவுக்கு என் விரதம் பெரிய புதினம். பலகைக்கு மேலால் கேள்வி வரும்.

"தம்பி, முட்டை?"

"அதுவும் மச்சம்தான்."

"பால்?"

"குடிக்கலாம்."

"அதுவும் மாட்டுக்குள்ளால வாறதுதானே?"

விடுவேனா? நோன்பு நேரத்தில் பறக்கிற நுளம்பு வாய்க்குள் போனால் நோன்பு முறியுமா என்று நான் கேட்டேன். அதைப் போய் மௌலவியிடம் கேட்டதாகவும், அவர் தன்னை ஏற இறங்கப் பார்த்ததாகவும் மறுநாள் சொன்னார்.

பின்னால் இருவருக்கும் ஒரே குசினி. வாயைக் கட்டலாம், மூக்கை எப்படிக் கட்டுவது என்று நான் ஒருநாள் புலம்பியதிலிருந்து அவர் மீன் பொரிப்பதை விட்டுவிட்டார். கடையில் சாப்பிட்டு, வாய் கழுவிக்கொண்டுதான் வருவார். நான் கேட்காமலே செய்தார்.

தீமிதிப்புக்கு முதல் நாள் ஊருக்குப் புறப்பட்டபோது பாணும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார்.

"புதுச் சட்டியில செஞ்சது. சுத்த மரக்கறி. பசியோட பஸ் ஏறாத."

ஆசையாகத் தின்றேன். பாதிப் பாண் போன பிறகுதான் நாக்குச் சொன்னது.

"நானா, மாசி போட்டீங்களா?"

"ஓம். மாசி இல்லாம என்ன சம்பல்?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

மாசி என்பது சூரை மீனை அவித்து, விறகு மாதிரிக் காயவைத்து இடிப்பது. ஆனால் எங்கள் பக்கத்துக் குசினிகளில் அதை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு போத்தலில் இருக்கும். மீன்பிடி ஊரில் பிறந்த எனக்கே பாதிப் பாண் வரை உறைக்கவில்லை.

அவர் முகம் செத்துப்போனது. "அல்லாவே! பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதே?"

கண்ணால் காணாத பிள்ளையைப் பற்றித்தான் முதலில் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் வந்தது. மீதிப் பாணை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஊரில் விஷயத்தைக் கேட்ட பூசாரி தலை முழுகச் சொல்லி, புதுக் காப்புக் கட்டினார். "தெரியாம நடந்தது. இறங்குறதும் விடுறதும் உன்ட மனசு" என்றார். என் மனசு அக்காவிடம் ஓடியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீ இறங்கு. நான் பிள்ளையோட மற்றப் பக்கம் நிப்பன்."

அடுத்த நாள் நடந்தேன். நெருப்பைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். குதிக்காலில் ஒரு கொப்புளம் வந்தது. அது எல்லோருக்கும் வருவதுதான். கால் கழுவி உட்கார முன்பே போன் அடித்தது.

"கால் எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு நானா."

"பிள்ளை?"

"மடியில இருந்து என்ட தலைமயிர இழுக்குது."

"நான் இண்டைக்கு நோன்பு தம்பி. பள்ளியில பாங்கு சொல்லி எவ்வளவோ நேரம். நோன்பு பிந்தித் திறக்கப்படாது எண்டு தெரியும். உன்ட கதை கேக்காமத் தண்ணி இறங்குதில்ல."

"இப்பக் குடியுங்க நானா."

போனை வைக்காமலே குடித்தார். மடக்கு மடக்காக இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.